தமிழ்நாட்டில் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்ற கணக்கில் எவையெல்லாம் சேரும்?

எடுக்க எடுக்கக் குறையாமல் இயற்கை தானே மீண்டும் நிரப்பித் தரும் மூலங்கள் அனைத்தும் சேரும்: வெயில், காற்று, ஓடும் நீர், பயிர்க்கழிவு, சாணம், கடல் அலை, கடலின் ஏற்றவற்றம், நிலத்தடி வெப்பம். ஏற்றவற்றத்தையும் நிலத்தடி வெப்பத்தையும் நீக்கிவிட்டால் மற்றவை யாவும் சூரியனிடமிருந்தே வருகின்றன; காற்று வீசுவதும் மழை பெய்வதும் கரும்பு வளர்வதும் அதன் வெப்பத்தாலும் ஒளியாலும்தான். கூடங்குளத்தின் அணுமின்சாரம் கரியமில வாயுவை வெளியிடாதது என்றாலும், யுரேனியம் தோண்டி எடுத்துத் தீர்ந்துபோகும் கனிமம் என்பதால் அது இந்தப் பட்டியலில் வராது. புனல் மின்சாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 25 மெகாவாட் வரையுள்ள சிறு நிலையங்களை மட்டுமே இந்திய அரசு நெடுங்காலம் புதுப்பிக்கத்தக்கவை என்று கணக்கிட்டு வந்தது. 2019 மார்ச்சில்தான் பெரிய அணைகளின் மின்சாரத்துக்கும் அந்தப் பெயர் கிடைத்தது. பழைய புள்ளிவிவரங்களையும் புதியவற்றையும் ஒப்பிடுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

648 மெகாவாட் சூரிய மின் நிலையமும் அதே அளவு அனல்மின் நிலையமும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. மெகாவாட் என்பது ஒரு நிலையம் முழு வேகத்தில் இயங்கும்போது தரக்கூடிய திறன்; யூனிட் என்பது அது உண்மையில் தந்த மின்சாரத்தின் அளவு (ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்; ஒரு மெகாவாட் என்பது 1,000 கிலோவாட்). ஒரு மெகாவாட் நிலையம் இருபத்து நான்கு மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 24,000 யூனிட் கிடைக்கும். அதே ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையம் தமிழ்நாட்டு வெயிலில் சராசரியாக ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டுக்குச் சற்று மேலே தரும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கியபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையம் என்று பேசப்பட்ட நிலையத்தின் திறன் 648 மெகாவாட். ஆனால் மாலை ஏழு மணிக்கு அதன் உற்பத்தி சுழியம். இது அந்த நிலையத்தின் குறையன்று, வெயிலின் இயல்பு. இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும்போதும் எத்தனை மெகாவாட் என்பதைவிட, எந்த மாதத்தில், எந்த மணி நேரத்தில் என்பதையே அதிகம் பார்க்கிறோம். மேடையில் அறிவிக்கப்படும் எண்களில் இந்த விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

காற்றாலைகள் ஏன் சில ஊர்களில் மட்டும் நெருக்கமாக நிற்கின்றன?

தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர். அந்தச் சுவரில் இடைவெளி உள்ள இடங்களில் காற்று நெருக்குண்டு, வேகம் கூடி, கிழக்குப் பக்கச் சமவெளியில் பாய்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களுக்கும், செங்கோட்டைக் கணவாயின் காற்று தென்காசி, சுரண்டைப் பகுதிகளுக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று முப்பந்தல், பணகுடி, இராதாபுரம் பகுதிகளுக்கும், கம்பம் பள்ளத்தாக்கின் காற்று தேனி மாவட்டத்துக்கும் போய்ச் சேர்கின்றன. குற்றாலத்தில் சாரல் பெய்யும் நாட்களில் சில கல் தொலைவிலுள்ள சுரண்டையில் காற்றாலைகள் சுழல்வது இதனால்தான்.

மே மாதத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை இந்தக் காற்று நீடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இக்காலத்துக்கே உரியது. ஆண்டு முழுவதும் கிடைக்கும் காற்றாலை மின்சாரத்தின் பெரும்பகுதியும் இந்த ஐந்து மாதங்களில்தான் வருகிறது. இதற்கு ஏற்ப உருவானதே ‘பேங்கிங்’ எனப்படும் ஏற்பாடு. கோவை, திருப்பூர் பகுதி நூற்பாலைகள் பல, தென்மாவட்டங்களில் சொந்தக் காற்றாலைகளை வைத்திருக்கின்றன. பருவத்தில் உற்பத்தியாகும் மிகை மின்சாரத்தை மின் வாரியத்தின் தொகுப்பில், அதாவது எல்லா நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்பாதை வலையில், செலுத்திவிட்டு, காற்றில்லாத மாதங்களில் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதியை அவை நெடுங்காலம் பெற்று வந்தன. வாரியமோ அந்த யூனிட்டுகளை எங்கும் அடைத்து வைப்பதில்லை. பின்னால் திருப்பித் தரும்போது அனல்மின் நிலையத்தில் உற்பத்தி செய்தோ சந்தையில் வாங்கியோதான் தர வேண்டியிருக்கிறது. ஆலைகளுக்கும் வாரியத்துக்கும் இடையே இதுபற்றிய வழக்கு ஓயாமல் நீள்வதற்கான காரணம் இதுவே.

காற்றாலைகள் மேலும் மேலும் பெரிதாகிக்கொண்டே போவது ஏன்?

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். தரையிலிருந்து உயரப் போகப் போக வேகம் கூடுவதால், கோபுரத்தைச் சற்று உயர்த்தினாலே பலன் மிகும். இறக்கையின் நீளம் இரு மடங்கானால் அது வாரும் பரப்பு நான்கு மடங்காகும். எவ்வளவு பெரிதாக்கினாலும் காற்றிலுள்ள ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்பது ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸின் பெயரால் வழங்கும் வரம்பு; முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் நகராமல் நின்றுவிடும், அப்புறம் புதிய காற்று உள்ளே வர வழியிராது.

தமிழ்நாட்டில் 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. 1990-களில் காற்றாலை முதலீட்டின் முழுத் தொகையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. காற்றுக்காக அல்லாமல் வரிக்காக நட்ட கோபுரங்களும் அக்காலத்தில் உண்டு. அன்று முப்பந்தல் போன்ற மிகச் சிறந்த காற்றுள்ள இடங்களை 250 கிலோவாட் அளவிலான சிறு காற்றாலைகள் பிடித்துக்கொண்டன. இன்று ஒரே காற்றாலை 2,000 முதல் 3,000 கிலோவாட் வரை தருகிறது. பழையவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவினால் அதே நிலத்தில் பன்மடங்கு மின்சாரம் கிடைக்கும். ஆனால் பல சிறு உரிமையாளர்களின் நிலங்களை ஒன்றுசேர்ப்பதும், அந்தப் பழைய மின்பாதைகளை வலுப்படுத்துவதும் எளிதன்று. தமிழ்நாட்டுக் காற்றாலைத் துறையில் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பது எமது கருத்து.

நல்ல காற்று வீசும்போதும் சில காற்றாலைகள் நின்றுகொண்டிருக்கின்றனவே?

வேகம் வினாடிக்கு மூன்று மீட்டருக்குக் குறைவாக இருந்தால் இறக்கை சுற்றினாலும் மின்சாரம் வராது. சுமார் 25 மீட்டரைத் தாண்டினால் பாதுகாப்புக்காக இயந்திரம் தானே நின்றுவிடும். பழுதும் பராமரிப்பும் மற்றொரு காரணம். வாங்க ஆளில்லாமல் நிறுத்தி வைப்பதும் உண்டு: நள்ளிரவில் தேவை குறைந்திருக்கும்போது காற்று பலமாக வீசினால், அனல்மின் நிலையங்களை ஓரளவுக்குமேல் குறைக்க முடியாத நிலையில், காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும்.

கத்திரி வெயிலில் சூரியத் தகடுகள் மிக அதிக மின்சாரம் தருமா?

தருவதில்லை. தகடு வெப்பத்தால் இயங்குவதன்று, ஒளியால் இயங்குவது. சிலிக்கான் அடுக்கின்மேல் ஒளி படும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபட்டு ஒரு திசையில் ஓடுகின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். ஒளியால் மின்சாரம் பிறப்பதை பிரான்சின் எட்மண்ட் பெக்கரல் 1839-லேயே கண்டறிந்தார். பயன்படுத்தத்தக்க சிலிக்கான் மின்கலம் 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவானபோது, விழும் ஒளியில் சுமார் 6 விழுக்காட்டையே அது மின்சாரமாக மாற்றியது. இன்று கடையில் கிடைக்கும் தகடுகள் 20 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுகின்றன. இந்த அளவு 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் சோதித்துச் சொல்லப்படுவது. நம் வெயிலில் தகட்டின் வெப்பம் 60 பாகையை எட்டும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு வீதம் உற்பத்தி குறைவதால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. வானம் தெளிந்து, வெப்பம் ஏறாத மாசி, பங்குனி நாட்கள் தகட்டுக்கு மிக உகந்தவை.

வீட்டு மாடியில் பொருத்த எவ்வளவு இடம் வேண்டும், எவ்வளவு கிடைக்கும்?

ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் எதிர்பார்க்கலாம். மூன்று கிலோவாட் அமைத்தால் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 700 யூனிட் வரும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் 78,000 ரூபாயும் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் எல்லா வீட்டுக்கும் இது இலாபம் என்று சொல்வதற்கில்லை. முதல் நூறு யூனிட் இலவசம் என்ற சலுகையோடு, பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலை உயரும் படிநிலைக் கட்டணமும் இருப்பதால், குறைவாகச் செலவழிக்கும் வீட்டில் மிச்சமாகும் தொகை சிறிது. மேல்படிகளில் பணம் கட்டும் வீட்டுக்கே போட்ட முதல் விரைவில் திரும்பும்.

நிழலைப் பற்றி விற்பவர் சொல்வதை நம்பாமல் நீங்களே பாருங்கள். தகட்டில் உள்ள மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு தென்னங்கீற்றின் நிழல் சில மின்கலங்கள்மேல் விழுந்தாலும் தகட்டின் பெரும்பகுதி அதற்கேற்பத் தளர்ந்துவிடும். மாடியில் தண்ணீர்த்தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, அதன் நிழல் மார்கழியில் எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். தூசியைக் காலையிலோ மாலையிலோ வெறும் நீரால் கழுவினால் போதும். சுடும் கண்ணாடிமேல் நண்பகலில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது.

மாடியில் தகடு இருந்தும் மின்தடையின்போது வீடு இருளாவது ஏன்?

மின்கலன் (பேட்டரி) இல்லாமல் மின்வாரியத் தொகுப்போடு மட்டும் இணைந்த அமைப்பில், வாரியத்தின் மின்சாரம் நின்றவுடன், தகட்டின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் உங்கள் மாடியின் மின்சாரம் தெருக் கம்பியில் பாய்ந்து, மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிரைப் பறிக்கக்கூடும். தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் மின்கலனோடு கூடிய இருவகை இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கூடும்.

வெயிலின் வெப்பத்தைக் கொண்டே மின்சாரம் எடுப்பதில்லையா?

எடுப்பதுண்டு. ஆடிகளால் வெயிலைக் குவித்து எண்ணெயையோ உருகிய உப்பையோ சூடாக்கி, அதனால் நீராவி உண்டாக்கி, மின்னாக்கியை ஓட்டும் சுழலியான டர்பைனைச் சுழற்றுவார்கள். உப்பு வெப்பத்தைப் பிடித்து வைப்பதால், ஸ்பெயினில் 2011-இல் இயங்கத் தொடங்கிய ஹெமசோலார் நிலையம் இரவிலும் மின்சாரம் தந்தது. இந்தியாவில் ராஜஸ்தானில் இவ்வகை நிலையங்கள் உள்ளன. தகடுகளின் விலை வீழ்ந்த பிறகு இந்த வழியில் முதலிடுவோர் அருகிவிட்டனர்.

புனல் மின்சாரத்தில் நீரின் அளவு முக்கியமா, உயரம் முக்கியமா?

இரண்டையும் பெருக்கினால் வருவதே மின்சாரம். ஒன்று குறைந்தால் மற்றொன்று ஈடுகட்ட வேண்டும். நீலகிரியில் 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நிலையத்தில் நீர் 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய்களில் இறங்குகிறது. ஆயிரம் லிட்டர் நீர் அவ்வளவு உயரம் இறங்கினால், இயந்திர இழப்புகள் போக, ஏறத்தாழ இரண்டு யூனிட் கிடைக்கும். மேட்டூரின் புகழ்பெற்ற 120 அடியை, அதாவது சுமார் 36 மீட்டரை மட்டும் கணக்கில் எடுத்தால், அதே ஆயிரம் லிட்டர் பைக்காராவில் தருவதில் இருபத்தைந்தில் ஒரு பங்கையே தரும். மேட்டூரின் பலம் காவிரியின் பெருக்கு. பைக்காராவின் பலம் மலையின் செங்குத்து. கோவையின் ஆலைகளும், அந்த வட்டாரத்துக் கிணறுகளின் மின்மோட்டார்களும் 1930-களில் பெருகியதற்குப் பைக்காரா மின்சாரம் பெருங்காரணம். இன்று சூழலியல் பேசுவோர் பலர் இந்தப் பழைய புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை மறந்துவிட்டு, எல்லாம் காற்றாலையோடு தொடங்கியதுபோல் எழுதுகின்றனர்.

மேட்டூர் அணையில் மின்சாரத்துக்காக நீர் திறப்பதில்லை. பாசனத்துக்காகத் திறக்கும் நீர் போகிற போக்கில் டர்பைனைச் சுழற்றுகிறது. வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12-க்கு அணையில் நீர் போதாவிட்டால் மின்சாரமும் காத்திருக்க வேண்டியதே. அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை எனக் காவிரியின் குறுக்கே கதவணைகள் கட்டி, அதே நீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். மாறாக, குந்தா, பைக்காரா போன்ற மலை நிலையங்களில் வால்வைத் திறந்த சில நிமிடங்களில் மின்சாரம் வந்துவிடும். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்துக்கென்று இந்நீரைச் சேர்த்து வைத்துத் திறக்கலாம் என்பதால், மலைநீரின் ஒரு யூனிட்டுக்கு நண்பகல் வெயிலின் ஒரு யூனிட்டைவிட மதிப்பு அதிகம்.

நீரேற்று மின் நிலையம் என்பது என்ன?

மிகையான மின்சாரம் இருக்கும்போது கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை உச்சமடையும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம். ஆனைமலைப் பகுதியில் 1980-களின் இறுதியில் முடிந்த காடம்பாறை நிலையத்தில், மலையைக் குடைந்து நிலத்தடியில் நான்கு 100 மெகாவாட் இயந்திரங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஏற்றச் செலவாகும் மின்சாரத்தில் முக்கால் பங்கு அளவே இவ்வகை நிலையங்களில் திரும்பக் கிடைக்கும். கால் பங்கு வீணாகிறதே என்று கணக்குப் பார்ப்போர், நள்ளிரவில் நிறுத்தி வைக்கப்பட்ட காற்றாலையின் மின்சாரம் முழுவதுமே வீண் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு மற்றொரு நீரேற்றுத் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டது.

கரும்புச் சக்கை, சாணம், குப்பை இவற்றிலிருந்து?

சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து நீராவி எடுத்து, அதில் டர்பைனையும் ஓட்டி, எஞ்சிய வெப்பத்தில் சாற்றையும் காய்ச்சுகின்றன. இதற்கு இணை மின் உற்பத்தி என்று பெயர். அரவைப் பருவம் காற்றில்லாத மாதங்களில் வருவது நமக்கு வாய்த்த நல்லூழ். ஆனால் மழை பொய்த்துக் கரும்பு குறைந்தால் சக்கையும் குறையும். தென்மாவட்டங்களில் சீமைக்கருவேல விறகை எரித்தும் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு பெற்று மின்சாரம் எடுக்க அமைத்தது போன்றவை அளவில் சிறியவை. அவற்றின் பயன் மின்சாரத்தைவிடக் குப்பை குறைவதில்தான் இருக்கிறது.

இவ்வளவு நீண்ட கடற்கரை இருந்தும் கடலிலிருந்து மின்சாரம் எடுக்காதது ஏன்?

முயற்சிகள் நடந்தன. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த 150 கிலோவாட் அலைமின் நிலையம் 1991-இல் அமைந்தது, நிலைக்கவில்லை. கடலின் மேற்பரப்பு வெப்பத்துக்கும் ஆழத்தின் குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டில் மின்சாரம் எடுக்க, தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தூத்துக்குடிக்கு அப்பால் ஒரு மெகாவாட் மிதவை நிலையத்தை முயன்றபோது, ஆழத்திலிருந்து குளிர்நீரை ஏற்றும் நெடுங்குழாயை இறக்குவதே தடையாயிற்று. அதே வெப்ப வேறுபாட்டைக் கொண்டு இலட்சத்தீவின் கவரத்தியில் 2005-இல் கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டியது அக்கழகம். ஏற்றவற்ற மின்சாரத்துக்குக் கடல் பல மீட்டர் ஏறி இறங்க வேண்டும். 1966 முதல் இயங்கும் பிரான்சின் 240 மெகாவாட் ரான்ஸ் நிலையம் அத்தகைய இடத்தில் உள்ளது. நம் கரையில் ஏற்றவற்றம் பெரும்பாலும் ஒரு மீட்டரைச் சுற்றியே இருப்பதால், குஜராத்தின் வளைகுடாக்களுக்கு உள்ள வாய்ப்பு நமக்கில்லை.

நமக்கு உண்மையான வாய்ப்பு கடலில் நிறுவும் காற்றாலைகளில் உள்ளது. டென்மார்க் 1991-இல் விண்டபி அருகே பதினொரு காற்றாலைகளோடு தொடங்கியது இது. தமிழ்நாட்டுக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் அமைக்க ஒன்றிய அரசு 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மீனவர்களின் வலைப்பாடுகளும் படகுப் பாதைகளும் எங்கே என்பதை அவர்களிடம் கேட்டறிந்த பின்னரே கோபுரங்களுக்கு இடம் குறிக்க வேண்டும்.

நிலத்தடி வெப்பம்?

இத்தாலியின் லார்டரெல்லோவில் 1904-இல் நிலத்தடி நீராவியால் முதன்முதலாக விளக்குகள் எரிந்தன. ஐஸ்லாந்திலும் கென்யாவிலும் இன்று பெரிய அளவில் எடுக்கிறார்கள். இந்தியாவில் லடாக்கின் புகா பள்ளத்தாக்கே குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டில் இப்போதைக்குப் பேச ஒன்றுமில்லை.

வெயிலும் காற்றும் கூடக்கூட மின்தொகுப்புக்கு ஆபத்து என்கிறார்களே?

ஆபத்து என்பது மிகை. கவனம் வேண்டும் என்பது உண்மை. தொகுப்பின் அதிர்வெண், அதாவது மாறுமின்சாரம் வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது, 50 ஹெர்ட்ஸை (வினாடிக்கு 50 முறையை) ஒட்டியே இருக்க வேண்டும். அனல், புனல் நிலையங்களின் கனமான டர்பைன்கள், கையை எடுத்த பிறகும் சிறிது நேரம் சுழலும் குயவர் சக்கரம் போன்றவை. எங்கோ ஒரு பாதை அறுந்தால் அந்தச் சுழற்சி சில வினாடிகளுக்குத் தாங்கிப் பிடிக்கும். சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கையின் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கால் கோளாறு நேர்ந்து நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றிய கேலியே மிகுதியாகப் பேசப்பட்டது. ஆனால் விடுமுறை நாளாகையால் தேவை குறைந்திருந்ததும், வெயில் மின்சாரத்தின் பங்கு கூடியிருந்ததும், சுழலும் இயந்திரங்கள் குறைவாக இருந்ததும்தான் சிறு கோளாறு அவ்வளவு தூரம் பரவக் காரணம். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் வீட்டுக்கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. பெரிய மின்கலன் (பேட்டரி) தொகுதிகளும், நீரேற்று நிலையங்களும், அதிர்வெண்ணைத் தாங்கும் புதுவகை இன்வெர்ட்டர்களும் இதற்கான தீர்வுகள்.

இவற்றால் கேடே இல்லையா?

உண்டு. சூரிய மின்சாரத்துக்கு மெகாவாட்டுக்கு நான்கு, ஐந்து ஏக்கர் நிலம் வேண்டும். கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கர் ஆயிற்று. மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று ஏட்டில் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளும்போது ஆடு வளர்ப்பவருக்கு இழப்பீடு கிடைப்பதில்லை. ராஜஸ்தானில் மின்கம்பிகளில் மோதிக் கானமயில்கள் மடிவதால் உச்ச நீதிமன்றம் 2021-இல் தலையிட நேர்ந்தது. அணைகள் பள்ளத்தாக்குகளை மூழ்கடிக்கின்றன. காற்றாலை இறக்கைகளின் கண்ணாடியிழைக் கலவையை மறுசுழற்சி செய்வது இன்னும் கடினம். நிலக்கரிச் சாம்பலோடும் புகையோடும் ஒப்பிட்டால் இவை சிறியவை எனினும், அந்த ஒப்பீட்டைச் சொல்லி மேய்ச்சல்காரரின் வாயை அடைக்கலாகாது.

என் வீட்டுக்கு வரும் மின்சாரம் எதிலிருந்து வந்தது என்று அறிய முடியுமா?

கம்பியில் கலந்துவிட்ட மின்சாரத்தைப் பிரித்துக் காண முடியாது. நேரத்தைக் கொண்டு ஊகிக்கலாம். ஆடி மாத இரவில் உங்கள் மின்விசிறியைச் சுற்றுவதில் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கும் செங்கோட்டைக் காற்றுக்கும் நல்ல பங்கு உண்டு. மாசி நண்பகலில் கமுதியின் வெயிலுக்குப் பங்கு உண்டு. தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிய ஐப்பசி மாலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் எரியும் விளக்குக்கு, மலையணைகள் தரும் கொஞ்சம் போக, வடசென்னையிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும்.